வாய்க்குள் கட்டிய பாலங்கள்

பல் வைத்தியத்தில் பாலம் என்றால், விழுந்த பல்லின் இடத்தில் புதுப்பல்லை நிறுத்தி, இரண்டு பக்கத்துப் பற்களோடும் பிணைத்துவிடுவது. கல்முனையில் ஒரு பல் டொக்டரிடம் ஒன்பது வருடமாக உதவியாளராக இருக்கிறேன். அந்த நாற்காலியில் வாயைத் திறந்தபடி, சுழலும் மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தவர்களுக்கு அங்கே வரும் அரை மயக்கத்தை நான் விளக்கத் தேவையில்லை.

எந்தப் பாலம்?

நற்பிட்டிமுனை விவசாயி ஒருவருக்குக் கடைவாய்ப் பல் போயிருந்தது. பாலம் போட வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வயலுக்குப் போகிற வாய்க்காலில் தென்னங்குற்றியைப் போட்டுத்தான் இத்தனை வருடமும் கடக்கிறார்களாம். எந்த இடத்தில் போட்டால் நல்லது என்றுகூடக் கையால் காட்டினார். டொக்டர் கண்ணாடியைக் கொடுத்து விஷயத்தை விளக்கினார். அவர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாய்ந்தார். பிறகு சொன்னார்: "சரி டொக்டர், கிடைக்கிற பாலத்தப் போடுங்க."

எழுத்துகள்

சாய்ந்தமருதில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஒரு பெண் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து, மேல் முன்பற்கள் இரண்டை இழந்தார். சில அரபு எழுத்துகளுக்கு நாக்கு நுனி முன்பல்லைத் தொட வேண்டும். தொடப் பல் இல்லை. பிழையாக ஓதிக்கொடுக்கப் பயந்து, காய்ச்சல் என்று சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

பாலம் பொருத்திய அன்று அவர் கண்ணாடி கேட்கவில்லை. கண்ணை மூடி, மெல்லிய குரலில் குர்ஆனிலிருந்து ஒரு சூறா ஓதினார். டொக்டர் கையுறையைக் கழற்றாமல் நின்றார். வெளியே பஸ் ஹோர்ன் கூட எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. ஓதி முடித்து என்னைப் பார்த்தார்: "புள்ள, எழுத்தெல்லாம் ஊட்டுக்கு வந்திட்டு."

விசில்

மீனவர் ஒருவர், பாலம் போட்டு ஒரு கிழமையில் திரும்பி வந்து அதைக் கழற்றச் சொன்னார். மழை மூட்டத்தில் பக்கத்துத் தோணியில் இருக்கும் கூட்டாளியை அவர் விசிலால்தான் கூப்பிடுவாராம். அந்த விசில் பல் இல்லாத இடைவெளியால் வந்தது. இப்போது வெறும் காற்றுத்தான் வருகிறது.

டொக்டர் கழற்றும் கருவியைக் கையில் எடுத்துவிட்டார். மீனவரோ கையால் மறித்து இன்னொன்றும் சொன்னார். வாய் பொத்தாமல் அவர் சிரித்ததை மனைவி இந்தக் கிழமைதான் முதன்முதலாகப் பார்த்தாராம். கடைசியில் எழுந்து செருப்பை மாட்டினார்: "கூட்டாளிக்கு ஒரு டோர்ச் வாங்கிக் குடுக்கன். இது பொஞ்சாதிக்கு இரிக்கட்டும்."

மனிதர்களிடம் சொல்வதற்கு எவ்வளவோ கிடக்கிறது, நாங்கள்தான் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு உடனே பஞ்சை வைத்து அடைத்துவிடுகிறோம்.