லாவண்டர் காய்ச்சிய அன்று

குற்றாலத்துக்காரர்களிடம் போய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். நாங்கள் கிண்ணத்தில் ஊற்றி, உச்சியில் வைத்து, காது மடல் வரை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள். அதனால், சீசனுக்கு எங்கள் வீட்டு முன் அறையில் தங்க வந்த நர்ஸம்மா, விரல் நீளம்கூட இல்லாத ஒரு பழுப்புக் குப்பியிலிருந்து இரண்டே சொட்டைத் துணியில் விட்டுக் கட்டில் சட்டத்தைத் துடைத்தபோது, கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. "இது லாவண்டர் ஆயில்மா. மூட்டைப்பூச்சிக்கு இந்த வாசனை ஆகாது" என்றார். எங்கள் வீட்டுக் கட்டிலில் மூட்டைப்பூச்சி என்றால் எனக்குக் கோபம் வராதா? இருந்தது என்பது வேறு விஷயம்.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதம் அது. கீழப்பாவூரிலிருந்து குற்றாலத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கணவருக்குத் தென்காசியில் ஜவுளிக்கடை. காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். பகலெல்லாம் வீட்டில் நானும் மாமியாரும்தான். நர்ஸம்மா மதராஸில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்த வெள்ளைக்கார நர்ஸ் ஒருவர் தன் ஊருக்குத் திரும்பிய பிறகும் மறக்காமல் அந்தக் குப்பியைக் கப்பலில் அனுப்பி வைப்பாராம். கைக்குட்டையில் ஒரு சொட்டு, துணிப் பெட்டியில் ஒரு சொட்டு, தரை துடைக்கிற வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு. அத்தனையையும் நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேறு வேலை எதுவும் யாரும் கொடுக்கவில்லை.

அவர் வருவதற்கு இருபது நாள் முன்னால்தான் எனக்குக் குழந்தை பிறந்திருந்தது. உயிரில்லாமல் பிறந்தது. பெண். எனக்கு நினைவு திரும்புவதற்குள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். முகத்தைப் பார்த்தால் மறக்க முடியாது, பார்க்காமல் இருப்பதுதான் நல்லது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்களாம்.

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். மூச்சே விடாத பிள்ளைக்குத் துட்டி கிடையாது. தெருப் பெண்கள் வருவார்கள். சாரல் இந்த வருஷம் பரவாயில்லை என்பார்கள், ஐந்தருவியில் கூட்டம் என்பார்கள், போய்விடுவார்கள். "அந்தப் பேச்சை யாரும் எடுக்கப்பிடாது" என்று மாமியார் வாசலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். அவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தை இப்போது எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. பிள்ளை இல்லை என்பது மார்புக்குத் தெரியவில்லை, பால் கட்டிக்கொண்டது. வற்றுவதற்காக மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். அந்த வாடை தலையணையிலும் பாயிலும் ஏறி, படுத்தாலே குமட்டியது. உறக்கம் போயே போய்விட்டது. அழுகையும் வரவில்லை. அழாத பெண்ணைப் பார்த்து எல்லோரும் தேறிவிட்டாள் என்றார்கள்.

நர்ஸம்மா அப்படிச் சொல்லவில்லை. ஒருநாள் என் இமையை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, குப்பியைக் கையில் கொடுத்தார். "தலைகாணியில ரெண்டு சொட்டு. ஒரு கிண்ணம் வெந்நீர்ல ரெண்டு சொட்டு விட்டுப் பக்கத்துல வச்சுக்கோ. நெர்வ்ஸ் கொஞ்சம் அடங்கும்" என்றார். இரண்டு நாள் அப்படியே செய்தேன். உறக்கம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மல்லிகை வாடை அடங்கியது, மூச்சு நெஞ்சு வரைக்கும் இறங்கியது. "வாசனை நல்லாருக்கு அத்தை" என்று மாமியாரிடம் சொன்னேன். இருபத்தைந்து நாளில் நானாக அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அது போதாதா? அவர் உடனே காரியத்தில் இறங்கிவிட்டார்.

"உறக்கத்துக்குத் தைலம்னா தலைக்குத்தான தேய்க்கணும்? தலையணைக்கா உறக்கம் வரல?" என்று கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை காலை நர்ஸம்மா ஐந்தருவிக்குக் கிளம்பியதும் அடுப்பில் இரும்புச் சட்டியை ஏற்றினார். நல்லெண்ணெய், நாலு மிளகு. அதன் மேல் அந்தக் குப்பி முழுவதையும், உள்ளங்கையில் தட்டித் தட்டிக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தார். எண்ணெய் என்றால் காய்ச்ச வேண்டும். அவருக்கு வேறு விதம் தெரியாது.

இந்த மாதிரித் தைலம் சூடு பட்டால் பறந்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் அன்று தெரியாது. அடுக்களையில் கிளம்பிய வாசனை பட்டாசல் என்று நாங்கள் சொல்லும் கூடத்தைக் கடந்து, வாசலைக் கடந்து தெருவுக்கே போய்விட்டது. குளித்த பிறகு என் தலையைக் காயவைக்க வேண்டுமே என்று சாம்பிராணியும் முன்கூட்டியே புகைந்துகொண்டிருந்தது. நான் தலையை அவிழ்த்துப் போட்டுப் பட்டாசல் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் கரண்டியில் எண்ணெயை மோந்து பார்த்தார். மிளகு வாசனைதான் வந்தது. "மணத்தையெல்லாம் உருவிட்டு வெறுஞ்சக்கையக் குடுத்துருக்கா அந்த நர்ஸு" என்று வைதார்.

எங்கள் தெருவில் செண்டு வாசனை வருவதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று கல்யாணம், இல்லையென்றால் பாடை. எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு ஆளில்லை. நான் சோறு இறங்காமல் கிடந்ததோ ஊருக்கே தெரியும். செண்டும் சாம்பிராணியும் சேர்ந்து வந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? எதிர்வீட்டு அக்கா கையைக்கூடக் கழுவாமல் மாவுக் கையோடு ஓடி வந்தாள். பின்னாலேயே ஐந்தாறு பேர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் எதிர்வீட்டு அக்கா, "ஏட்டி, நீ இருக்கியா!" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். துட்டி வீட்டுப் பெண்ணைப் போலத் தலைவிரிகோலமாக நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவள் முகம் மறுபடியும் மாறியது. மாமியார் பக்கம் திரும்பி, "பின்ன யாருக்கு மதினி?" என்றாள்.

எண்ணெய் சொட்டுகிற கரண்டியோடு மாமியார் அடுக்களை வாசலில் நின்றார். எங்கள் ஊரில் யார் வந்தாலும் முதலில் "வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. துட்டி வீட்டில் மட்டும் அந்தச் சொல் கிடையாது. இப்போது "வாங்க வாங்க, எண்ணெய்தான் காய்ச்சுதேன்" என்று சிரிப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், எனக்கு இன்னொரு நாள் போய்விடும் என்று நினைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. கரண்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நம்ம பிள்ளைக்குத்தான்" என்றார். "அன்னைக்கு உங்க யாரையும் நான் வரவிடல. இன்னைக்கு நீங்களா வந்துட்டிய. இருந்து அழுதுட்டுப் போங்க."

எதிர்வீட்டு அக்கா மாவுக் கையோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ எம் பொன்னே" என்று அவள் தொடங்கியதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. இருபத்தைந்து நாள் அழுகையையும் அழுதேன். எல்லோரும் அழுதார்கள். எல்லோரையும்விட மாமியார்தான் அதிகமாக அழுதார். அருவியில் குளித்து ஈரத் தலையோடு திரும்பிய நர்ஸம்மா, அடுக்களையில் கவிழ்ந்து கிடந்த வெறுங்குப்பியைப் பார்த்தார். அதை நிமிர்த்தி வைத்தார். எங்களோடு வந்து உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் அவர் ஏழெட்டு சீசன் வந்தார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு குப்பி, "காய்ச்சுறதுக்கு" என்று சொல்லி மாமியாருக்கு ஒரு குப்பி. மாமியாருடையது பட்டுப் புடவைப் பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. என்னுடையது என் பையன்கள் இரண்டு பேருடைய தலையணைக்கும் போயிற்று. அந்த அம்மாளுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, துட்டி வீட்டு முறைப்படி, போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் போனார்கள். என் மகளுக்குச் சேர வேண்டிய மரியாதை சேர்ந்துவிட்டது என்று எனக்கு அப்போது தோன்றியது. நர்ஸம்மாவும் முன் அறைக்குப் போய்விட, பட்டாசலில் நானும் மாமியாரும் மட்டும் மிஞ்சினோம். நான் கேட்டேன்:

"அவ எப்படி அத்தை இருந்தா?"

மாமியார் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "மூக்கு உன்ன மாதிரி. கீழுதடு அப்படியே எம் மவன். நெத்தி வரைக்கும் முடி. நாந்தான் துணியச் சுத்துனேன். குடுக்கதுக்கு முந்தி கொஞ்ச நேரம் மடியில போட்டுக்கிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது."

நான் அந்த மடியில் தலையை வைத்துப் படுத்தேன். ஆறிப்போன எண்ணெயை எடுத்து அவர் என் உச்சியில் தேய்க்கத் தொடங்கினார். அவர் தேய்த்து முடிப்பதற்குள் நான் உறங்கிவிட்டேன்.