பின்சீட்டில் தூங்கிய மகள்

நகரியில் பவர்லூம் ஓட்டும் நான், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய கார் ஒன்றை வாங்கினேன். சைலன்சர் ஓட்டையாகி உறுமியது. "சத்தம்தானே" என்று விட்டுவிட்டேன்.

காணிப்பாக்கம் போய்த் திரும்பும்போது மழை. கண்ணாடிகளை ஏற்றினோம். பின்சீட்டில் மனைவியும் மகளும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தலை வலித்தது. கார்வேட்டிநகரத்தில் நிறுத்தி, "எந்திரி கண்ணு, டீ குடிக்கலாம்" என்றேன். இருவரும் அசையவில்லை. பதறிப்போய் மழையிலேயே வெளியே இழுத்தேன். மனைவி மட்டும், "இன்னா ஆச்சு?" என்று முனகினாள். மகள் கண் திறந்தது புத்தூர் ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் வைத்த பிறகுதான்.

"சைலன்சர் புகை உள்ளே வந்திருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்றார் டாக்டர்.

சைலன்சரை மாற்றிவிட்டேன். மாதாமாதம் மெக்கானிக்கிடம் காட்டுகிறேன். ஆனாலும் வீட்டில் மகள் தூங்கினால்கூட எழுப்பிப் பார்க்கிறேன்.

"தூங்க வுடு நைனா" என்று அவள் சிணுங்கினால்தான் எனக்கு மூச்சு வருகிறது.