ஓட்டையில்லாத பை

பாகாலா ரயில் நிலையத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த ஏசுரத்தினம், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். ஆனாலும் எண்பதுகளில் திருப்பதி ரோட்டில் அவர் கை படாமல் ஓடிய லாரி டியூபைக் காட்டுங்கள் பார்ப்போம். இதை அவரே எல்லாரிடமும் சொல்வார். சொன்னால் என்ன தப்பு? உழைத்து மேலே வந்தவன் தன்னைப்பற்றித் தானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

அவர் கொல்லையில் புதிதாகச் சாண வாயுக் குழி கட்டினார். வாயுவைப் பிடித்துவைக்க, பழைய கால்பந்துகளின் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பரை வெட்டி ஒட்டித் தானே ஒரு பெரிய பையும் செய்தார். பலத்துக்கு இருக்கட்டுமென்று ரப்பர் பசையில் கோலம் போடும் வெள்ளைக் கல்மாவைக் கலந்து மேலே பூசினார்.

அந்த நேரம் பார்த்து மகள் லோயிஸைப் பெண் பார்க்க, திருப்பதிக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியாராயிருந்த எர்னஸ்ட், மகனோடு வருவதாகச் சேதி வந்தது. "விறகே இல்லாம எங்க வூட்டு கேஸ்ல காபி போட்டுத் தரேன்" என்று ஏசுரத்தினம் சொல்லியனுப்பிவிட்டார்.

குழியின் புது வாயுவோ, கிட்டே போன தீக்குச்சியையே அணைத்தது. சரி, ஊறட்டும் என்று பையை நிரப்பிக் கட்டிவைத்தார். அவர்கள் வரும் நாள் காலையில் பார்த்தால் பை பாதிக்குப் பாதி வற்றிக் கிடந்தது.

தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. இந்தக் கைக்குத் தப்புகிற ஓட்டை ஏது? அப்படியானால் திருட்டுதான். பக்கத்து வீட்டு முனிசாமியின் சுவரருகே போய் நின்றார்.

"ராத்திரி என் கேஸ எடுத்தது நீதான?"

"இன்னாண்ணா, காத்த மடியில கட்டிக்கினா போவேன்?" என்றான் முனிசாமி.

"கேஸ் எரியலன்னா கடன் கேக்கறதுக்கு, தெருவுல விறகு அடுக்கி வச்சிருக்கறது அவன் ஒருத்தன். அவங்கிட்டயும் சண்ட போட்டுட்டு வந்தியா நைனா" என்றாள் லோயிஸ். மனைவி யூனிஸ் அவளுக்கும் சேர்த்து முறைத்தாள்.

பாசஞ்சர் வந்தது. சம்பந்திகள் வந்து உட்கார்ந்தார்கள். ஏசுரத்தினம் ஆண்டவரை நினைத்துக்கொண்டு குச்சியைக் கிழித்தார். அடுப்பு நீலமாகச் சீறிக்கொண்டு பிடித்தது. பால் பொங்கி வழிந்தது.

"மொதல்ல குச்சிய அணைச்சிச்சி, ஓட்டையே இல்லாம பாதி வத்தினப்புறம் எரியுதுங்க" என்றாள் யூனிஸ். எர்னஸ்ட் எழுந்து வந்து பையைத் தடவிப் பார்த்தார். "சாண கேஸ்ல ரெண்டு காத்து கலந்திருக்கும். மீத்தேன் எரியும். கார்பன் டை ஆக்சைடு எரியாது, நெருப்பையும் அணைச்சிடும். ஓட்டையே வேணாம், அது ரப்பர்ல ஊறி முதல்ல வெளிய போயிடும், எரியறது உள்ள தங்கிடும். வெளிநாட்டுல இதுக்குன்னே ரப்பர்ல பொடி கலந்து, காத்த பிரிக்கற ஜவ்வு செஞ்சு பாக்கறாங்க."

"அதுக்குத்தான் நானும் கல்மாவு போட்டேன்" என்றார் ஏசுரத்தினம், கண் சிமிட்டாமல்.

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "அப்போ நான் திருடனது எந்தக் காத்துண்ணா? எரியறதா, அணைக்கறதா?"

"திருட்டா?" என்றார் எர்னஸ்ட். காபித் தட்டோடு லோயிஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஏசுரத்தினம் முந்திக்கொண்டார். "நம்ம முனிசாமிதான், சார். கெட்ட காத்து அத்தினியும் நான்தான் எடுத்துக்கினு போனேன்னு ஜம்பம் அடிக்கிறான். உள்ள வாடா, காபி ஆறிப்போவுது."

"கேசரி இருந்தாத்தான் வருவேன்" என்றான் முனிசாமி. எர்னஸ்ட் வாய்விட்டுச் சிரித்தார். லோயிஸ் தட்டை நீட்டினாள்.

புறப்படும்போது எர்னஸ்ட் சொன்னார்: "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. அப்படியே அந்தப் பையையும் காலேஜுக்குக் கொடுத்தீங்கன்னா..."

"பொண்ண கூட்டிக்கினு போங்க சார்" என்றார் ஏசுரத்தினம். "பைய மட்டும் கேக்காதீங்க."