இடது பேக்காக எட்டு வருஷம்

நான் ஹாக்கி ஆடிய காலத்தில் தூத்துக்குடியில் என்னைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, பந்து அவனைத் தாண்டிப் போகாது. இன்னொன்று, ஆள் திமிர் பிடித்தவன், அம்பயர் விசில் ஊதினாலும் நிற்கமாட்டான். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுப் பொய், ஆனால் அந்தப் பொய்யை நானே ஊட்டி வளர்த்தேன். காற்று பலமாக இருக்கும் நாளில் இடப்பக்கமிருந்து வரும் விசில் எனக்குக் கேட்காது. செவிடன் என்று தெரிவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பெயர் எடுப்பது எவ்வளவோ தேவலை என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்கள். அப்பா, இரண்டு சித்தப்பாமார், என் அண்ணன். ஆழத்துக்குப் போனால் காது வலிக்கும். மூக்கைப் பிடித்து ஊதி அந்த வலியைச் சமாளிக்க வேண்டும். அது சரியாக வராதவனுக்கு ஒருநாள் காதுக்குள் ஏதோ கிழியும், ரத்தமும் தண்ணீருமாக வடியும். வேறு ஊரில் இப்படி நடந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். எங்கள் தெருவில் "காது திறந்துட்டு" என்று சந்தோஷப்படுவார்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விட்டுப் பஞ்சு வைத்து அடைப்பார்கள். அதன்பிறகு எவ்வளவு ஆழம் போனாலும் வலிக்காது, அவன் முழுக் குளியாள் ஆகிவிட்டான் என்று அர்த்தம். அப்படித் திறந்த காதுகளோடுதான் எங்கள் வீடு இருந்தது. எல்லோரும் கத்திக் கத்தித்தான் பேசுவோம். யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று அந்த வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை.

நான் மட்டும் கடலுக்குப் போகாதவன். பள்ளிக்கூடத்தில் கையில் கிடைத்த ஸ்டிக் என்னைக் கரையிலேயே நிறுத்தி வைத்தது. இருபத்திரண்டு வயதில், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனி தன் ஹாக்கி டீமுக்கு என்னை ரைட் பேக்காக, வலப்பக்கத் தடுப்பாட்டக்காரனாக, எடுத்தது. மூன்று வாரத்தில் மெடிக்கல். அதில் தேறி, ஒரு சீசன் ஒழுங்காக ஆடிக் காட்டினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை நிரந்தரம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் சட்டை நனையாமல் வேலைக்குப் போகப்போகிறான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் என் புத்தி கெட்டது. அண்ணனுடைய படகில் ஓர் ஆள் குறைந்தது. "சும்மாத்தான இருக்க, நாலு நாளு வாயாம்லே" என்றான். எனக்குச் சளி பிடித்திருந்தது. இரண்டாம் நாள் ஏழு பாகம், அதாவது நாற்பதடி ஆழத்துக்கு, இறங்கியபோது இடது காதில் ஊசி குத்துவதுபோல வலித்தது. மேலே ஏறியிருக்க வேண்டும். அண்ணன் முன்னால் வலிக்கிறது என்று ஏறுவதற்கு வெட்கமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கீழே போனேன். படகில் ஏறியபோது தோள்வரைக்கும் ரத்தம். அண்ணன் சிரித்து முதுகில் தட்டினான். வீட்டில் பூண்டு எண்ணெய் காய்ச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க் கதை ஆகிவிடும். வலி போய்விட்டது. அதோடு சத்தமும் போய்விட்டது. ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

மெடிக்கலுக்கு முந்தின நாட்களில் நான் சாப்பிடவில்லை. டாக்டர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு காதை விரலால் அடைக்கச் சொல்லி, ஏதேதோ எண்களை முணுமுணுத்தார். நான் நல்ல காதை அடைப்பதுபோல விரலை வைத்தேன், அழுத்தவில்லை. நாற்பத்தேழு என்றார், நாற்பத்தேழு என்றேன். அவ்வளவுதான் பரீட்சை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பு ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. இனி தினமும் இந்தப் பரீட்சைதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் கோச்சிடம் போய் என்னை லெஃப்ட் பேக்காகப் போடுங்கள் என்று கேட்டேன். ரைட் பேக்காக ஆடினால் டீம் முழுக்க என் இடப்பக்கம் இருக்கும், ஒருவர் கூப்பிடுவதும் விளங்காது. லெஃப்ட் பேக்குக்கு இடப்பக்கம் வெறும் கோடு, கோட்டுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிறவர்கள். அவர்கள் சொல்வது கேட்காவிட்டால் நஷ்டமில்லை. கோச் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"ரைட்டுல நல்லாத்தானல ஆடுத? திடீர்னு என்ன?"

"ரிவர்ஸ் ஸ்டிக் எனக்கு நல்லா வருது சார்."

வராது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு மாதம் மைதானத்தில் தனியாக நின்று, ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்து ரிவர்ஸ் அடித்துப் பழகினேன். சரளைக்கல் மைதானம், பந்து எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது. மணிக்கட்டு வீங்கிப் போகும். பயம் ஒரு மனிதனை எவ்வளவு நல்ல ஆட்டக்காரன் ஆக்கும் என்பதை நான் என்னிடமே பார்த்தேன். மற்றவர்கள் பந்தைப் பார்த்து ஆடுவார்கள். நான் பத்து ஜோடிக் கால்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. எல்லோருடைய காலும் நின்றால் விசில் ஊதியாகிவிட்டது என்று அர்த்தம். சிலசமயம் நான் ஒருவன் மட்டும் பந்தை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பேன். அம்பயர் பச்சை அட்டையைக் காட்டுவார். நான் முறைப்பேன். அப்படி முறைத்து முறைத்துத்தான் அந்தத் திமிர்ப் பட்டம் வாங்கினேன்.

எங்கள் கோல் கீப்பர் என் வயதுக்காரன். பெரிய மார்க்கெட் பக்கம் அவன் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடையில் உட்காராமல் பேடு கட்டிக்கொண்டு நிற்கிறான் என்று அவன் வீட்டில் தினமும் சண்டை. அவனும் என்னைப்போல அந்த சீசனை நம்பியிருந்தவன்தான். பிராக்டிஸ் முடிந்து அவன் பைக்கில்தான் வீட்டுக்குப் போவேன். கோலில் நின்றால் வாய் ஓயாது. "ரைட்ட அடை, உள்ள வாரான், விடு விடு, நாம்பாத்துக்கிடுதேன்" என்று பின்னாலிருந்து டீமையே ஓட்டுவான். லெஃப்ட் பேக்காக நான் முன்னால் பார்த்து நிற்கும்வரை அவன் சத்தம் வலது காதில் வந்து விழுந்துவிடும். அதை நம்பித்தான் ஆடினேன்.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. பந்து என்னைத் தாண்டிவிட்டால் நான் திரும்பி எங்கள் கோலைப் பார்த்து ஓட வேண்டும். அப்போது கோடு வலப்பக்கம் வந்துவிடும். கோலியும் கோலும் இடப்பக்கம் போய்விடும்.

சீசனின் கடைசிக்கு முந்தின மேட்ச். சொந்த மைதானம். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ஒன்றுக்கு ஒன்று சமம், ஐந்து நிமிஷம் இருக்கிறது. அவர்களுடைய சென்டர் ஹாஃப் தூக்கி அடித்த பந்து என் தலைக்கு மேலே போய் எங்கள் கோலுக்கு முன்னாலுள்ள டி வளைவுக்குப் பக்கத்தில் விழுந்தது. நான் திரும்பி ஓடினேன். எனக்குப் பின்னால் அவர்களுடைய ரைட் விங்கர் வருகிறான் என்று தெரியும். எவ்வளவு பக்கத்தில் என்று தெரியாது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. பந்தை எட்டியதும் உடம்பைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு என்றே சொல்லலாம், ஓங்கி அடித்தேன்.

ஸ்டிக் பட்டது பந்தில் மட்டுமில்லை. கோலி இடப்பக்கமிருந்து ஓடி வந்து, பந்தை உதைக்கச் சறுக்கி விழுந்திருந்தான். அவன் வலது மணிக்கட்டில் என் அடி முழுசாக இறங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எதையெதையோ கேட்காமல் விடுகிற எனக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஹாக்கியில் இதற்கு ஒரு விதி உண்டு, புத்தகத்தில் எழுதாதது. கோலி இடத்தை விட்டு வெளியே வந்தால் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பேக் விட்டுவிட வேண்டும். கூப்பிட்டும் பேக் அடித்தால் தப்பு பேக்குடையது. கூப்பிடாமல் வந்தால் கோலியுடையது. கோச் ஓடி வந்தார். தரையில் கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவனிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"ஏலே, கூப்பிட்டியா இல்லியா?"

வாய் ஓயாதவன் அவன். கூப்பிட்டிருப்பான், கட்டாயம் கூப்பிட்டிருப்பான். இப்போது சொல்லப்போகிறான். அடுத்த கேள்வி என்னிடம் வரும். பிறகு டாக்டர், பிறகு காது, பிறகு அண்ணனுடைய படகு.

அவன் என்னைப் பார்த்தான். "கூப்பிடல சார்" என்றான்.

அத்தனை பேர் முன்னாலும் கோச் அவனைத் திட்டினார். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்ததை மறந்துவிட்டானே என்று திட்டினார். நான் குனிந்து அவன் பேடின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. எலும்பு கூடியது, ஆனால் கை பழையபடி மடங்கவில்லை. அந்த சீசனோடு அவன் ஆட்டம் முடிந்தது, அப்பா கடைக்குப் போய் உட்கார்ந்தான். எனக்கு வேலை நிரந்தரமானது. அதன்பிறகு ஏழு வருஷம் ஆடினேன். மாவட்ட டீமுக்கு ஆடினேன், ஒரு முறை மாநிலத்துக்கும். பேப்பரில் படம் வந்தது. ஒவ்வொரு மேட்சிலும் பந்து என்னைத் தாண்டிப் போனால் இடப்பக்கத்தில் யாரோ ஓடி வருகிறார்கள் என்றே தோன்றும். புதுக் கோலியிடம் "நீ வெளிய வராத, கோலுக்குள்ளயே நில்லு" என்று சண்டை போட்டு நிறுத்தி வைத்திருந்தேன். அதையும் திமிர் என்றுதான் சொன்னார்கள்.

எனக்காக அவன் பொய் சொன்னான் என்று நம்பினேன். அந்த நன்றி நாளாக ஆக எரிச்சலாக மாறியது. ஏன் சொன்னான், யார் கேட்டது? கிறிஸ்மஸுக்குக் கேக் கொடுத்தனுப்புவேன், தீபாவளிக்கு அவன் வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வரும். நேரில் பார்த்தால் மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசுவோம். மில்லர்புரத்தில் வீடு கட்டிக் குடிபோனபோது வந்தான், இடது கையால் மொய்க்கவர் நீட்டினான்.

போன மாசி மாதம் மகள் என்னைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரோட்டைக் கடக்கும்போது லாரி ஹாரன் எனக்குக் கேட்கவில்லை என்று அவளுக்குப் பயம். வலது காதும் இறங்க ஆரம்பித்திருக்கிறது, அதற்கு ஒரு மெஷின் மாட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். இடதைப் பார்த்துவிட்டு, இது போய் எத்தனை வருஷம் ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே தெரியாது.

மெஷினை மாட்டிக்கொண்டு நேரே அவன் கடைக்குப் போனேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. மதிய நேரம், கூட்டம் இல்லை. அவன் உளுந்து மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். என் காதைப் பார்த்துச் சிரித்தான்.

"இப்பத்தான் வாங்குனியாக்கும்?"

அந்தக் கேள்வியில் எனக்கு வியர்த்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அன்னைக்கு ஏம்லே பொய் சொன்ன?" என்றேன்.

"என்ன பொய்?"

"கூப்பிடலன்னு கோச்சுட்ட சொன்னீல்லா."

"நெசமாத்தாம்ல கூப்பிடல." அவன் குரலில் விளையாட்டு இல்லை. "ஒனக்கு அந்தப் பக்கம் கேக்காதுன்னு எனக்குத் தெரியும்லா. கேக்காதவன எதுக்குக் கூப்பிட? கத்துத நேரத்துக்கு ஓடிப் போயி ஒனக்கு முந்தி பந்தத் தட்டிருவோம்னு வந்தேன். அரை அடி பிந்திட்டு."

இத்தனை வருஷமாக நான் சுமந்தது அவன் சொல்லாத பொய்யை. நான் சொன்ன பொய்தான் அவன் கையை உடைத்தது.

"எப்பம் இருந்து தெரியும்?"

"நீ லெஃப்ட் பேக் கேட்டீல்லா, அந்த வாரமே."

"கேட்டிருக்கலாமேலே."

அவன் உளுந்தை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு மூட்டைக்குள் போட்டான். "நீயா சொல்லுவன்னு இருந்தேன். தெனமும் எம் பைக்குல பின்னாடிதான வந்த. இன்னைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு பாத்தேன். சொல்லிருந்தா, நான் வெளிய வாரப்பம் ரைட் பேக்க விட்டு ஒனக்குக் கையக் காட்டச் சொல்லிருப்பேன். அவ்வளவுதான விசயம்."

அவ்வளவுதான் விஷயம். டீமில் ஒருவனிடம், ஒரு சாயங்காலம், பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியம். அவன் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டான் என்பதற்கு இந்தப் பத்தொன்பது வருஷமே சாட்சி.

"எனக்கு எடது காது கேக்காதுலே" என்றேன். என் குரல் ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. எதிர்க்கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

அவன் தலையை ஆட்டினான். "சரி" என்றான். பிறகு, மடங்காத அந்த வலது கையை மூட்டையின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, இடது கையால் அதன் வாயைக் கயிற்றால் கட்டத் தொடங்கினான். நான் எழுந்துபோய்க் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன்.