கிழக்குப் பார்த்த பூக்கள்

எனக்குப் பூவின்மேல் பெரிய பற்று எப்போதும் இருந்ததில்லை. கனடாவில் இருக்கும் மச்சாள் தன் வீட்டுப் பின்வளவில் ஆளுயரத்துக்கு நின்ற சூரியகாந்திகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்து அனுப்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "மன்னார் மணலிலை இது வருமே?" என்று என் மனுசன் சிரித்ததும், வரவைத்துக் காட்டுகிறேன் பார் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

விதைக்கு அலையவில்லை. கிளிக்குப் போடும் தீனியில் கோடு போட்ட விதைகளாகப் பொறுக்கி ஊறவைத்தேன். எங்கள் வளவில் மூன்று பக்கமும் மதில். கிழக்குப் பக்கம் மட்டும் இன்னும் முள்ளுக்கம்பி வேலிதான். அதன் ஓரமாகக் கிடங்கு வெட்டி, மாட்டெரு போட்டு நட்டேன். ஊரில் அலையும் கழுதைகள் உள்ளே வராமல் கேற்றைப் பூட்டிப் பூட்டி வீட்டுக்காரர் எல்லாரையும் எரிச்சல்படுத்தினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அக்காவும் அவருடைய கணவரும். அந்த அண்ணை ஆயுள் முழுக்கக் கடலுக்குப் போனவர். போன வருடம் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வேலியைப் பார்த்த யன்னலோரக் கட்டில்தான் அவருக்கு உலகம். கண்டால் தலையாட்டுவேன். அதற்கு மேல் நான் போய் இருந்து கதைத்ததில்லை.

செடி மொட்டு விட்ட நாட்களில் பின்னேரமானால் மொட்டெல்லாம் வெயிலோடு திரும்பி நான் சமைக்கும் குசினி வாசலைப் பார்த்தபடி நிற்கும். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பூத்ததும் இப்படியே நின்று பார்க்கப் போகின்றன, நானும் நடுவில் நின்று படம் எடுத்து அந்த மச்சாளுக்கு அனுப்பப் போகிறேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வவுனியாவில் தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு. போய் நின்றுவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் விரிந்திருந்தன. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. காலையிலும் கிழக்கு, பின்னேரமும் கிழக்கு. பூத்த பிறகு சூரியகாந்தி திரும்பாதாம். அது எனக்கு யார் சொன்னார்கள்?

"தண்ணி ஊத்தினது நீர், முகம் காட்டுறது பக்கத்து வீட்டுக்கு" என்று மனுசன் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று குழம்புக்கு உப்புப் போட மறந்துபோனேன்.

அடுத்த நாள் அக்கா வேலியடிக்கு வந்தார்.

"தங்கச்சி, நீங்கள் இல்லாத நேரம் செடி வாடிப்போச்சு. நான்தான் கம்பிக்குள்ளாலை ஓஸ் பைப்பை விட்டுத் தண்ணி அடிச்சனான். கோவிக்காதேங்கோ."

"சீ, என்னத்துக்கு அக்கா கோவிக்க?"

"இவர் விடிய எழும்பினவுடனை யன்னலைத் திற எண்டு நிக்கிறார். பூவைப் பாத்துத்தான் தேத்தண்ணியே குடிக்கிறார். அவருக்காகத்தானே தங்கச்சி இந்தப் பக்கம் பாக்க நட்டனீங்கள்? அந்த மனசு ஆருக்கு வரும்!"

அவர் கண் கலங்கியிருந்தது. இல்லை அக்கா, இது நான் நினைத்து நடந்ததில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது "ஓம் அக்கா" என்பதுதான். சும்மா கிடைத்த நல்ல பேரைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். அந்தக் கிழமை எங்கள் வேதக்கோயில் திருவிழாவுக்கான வட்டாரக் கூட்டம். திருவிழாவுக்கு முதல் ஒன்பது நாளும் நடக்கும் நவநாளில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நாள் பீடச் சோடனை. இந்த முறை எங்களுக்கு வேஸ்பர் நாள், திருநாளுக்கு முதல்நாள் பின்னேர வழிபாட்டுக்கு ஊர் முழுக்கக் கூடும் நாள். போன முறை அந்த நாளைச் செய்த வட்டாரம் நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் பூ இறக்கியது. அதைக் கூட்டத்தில் ஒருத்தி இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழும்பினேன். "நாங்கள் ஏன் வெளியிலை வாங்க வேணும்? என்ரை வீட்டிலை சூரியகாந்தி நிக்குது. முழுக்கத் தாறன்." கூட்டத்தில் கைதட்டினார்கள். முழுக்க என்ற சொல்லை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

வேஸ்பர் அன்று விடியக் கத்தியோடு வேலியடிக்குப் போனேன். யன்னல் இன்னும் திறக்கவில்லை. திறப்பதற்கு முதல் வெட்டி முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டேன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆக, எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டை மட்டும் யன்னலுக்கு நேரே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். பிறகு பீடத்தின் இரண்டு பக்கமும் வைக்கும் பெரிய சாடிகளை நினைத்தேன். பூப் போதாமல் போனால் அந்த ஒருத்தி என்ன சொல்வாள் என்றும் நினைத்தேன். திரும்பிப் போய் அவற்றையும் வெட்டினேன்.

பீடம் பொன்னாய் நின்றது. சுவாமியார் பிரசங்கத்துக்கு முன் சோடனையைச் சொல்லிப் பாராட்டினார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வைகாசி மாதம், சோழகக் காற்று இன்னும் பிடிக்கவில்லை. கதவு யன்னல் எல்லாம் திறந்திருந்தும் மெழுகுதிரிகள் அசையாமல் எரிந்தன. வேர்த்து ஒழுக நான் முன்வரிசையில் இருந்தேன். சந்தோசமாக இருந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. நேரே நின்ற அத்தனை பூவும் அன்றுதான் முதன்முதலாக முகத்தை எனக்குக் காட்டின. என்னால் அவற்றைப் பார்க்க முடியவில்லை.

திருவிழா முடிந்த மறுநாள் முழுக்க வேலிப் பக்கம் போகவில்லை. உடுப்பைக்கூட முன்வளவில் காயப்போட்டேன். பின்னேரம் அக்காவே கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒருக்கா வந்து இவரைப் பாத்திட்டுப் போங்கோ."

ஏச்சு வாங்கத்தான் போகிறேன் என்று நினைத்தேன். வாங்கினால் நல்லது என்றும் இருந்தது. அவர்கள் வீட்டுப் படலையடியில் அக்கா என் கையைப் பிடித்து மெல்லச் சொன்னார்.

"பூவெல்லாம் காத்துக்கு முறிஞ்சுபோச்செண்டு சொல்லி வச்சிருக்கிறன். நீங்கள் வெட்டினதெண்டு வாய்தவறிச் சொல்லிப்போடாதேங்கோ. கோயிலுக்குத்தானே, அது எனக்கு விளங்குது. ஆனால் அவர் உங்களை நல்லாய் நினைச்சு வச்சிருக்கிறார். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை."

ஏசியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

உள்ளே போனேன். கட்டிலோரம் கதிரை போட்டிருந்தது. யன்னலுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில், என் செடிகளின் தண்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரே உயரத்தில், கத்தி போன சரிவோடு. காற்று முறித்த தண்டு அப்படி நிற்காது. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அண்ணை என்னைக் கண்டதும் வலது கையை உயர்த்தி இருக்கச் சொன்னார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தபடியால் சொல் ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"கவலைப்படாதை பிள்ளை. காத்தெண்டால்... அப்பிடித்தான். பாடுபட்டு வளத்தனீ... பாவம். திருப்பி நடலாம்."

காற்றை நம்பிப் பாய் விரித்து வயிறு வளர்த்த மனுசன். படுக்கையில் கிடந்தாலும் அந்த நாளில் ஓர் ஓலைகூட அசையவில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் தண்டுகளைப் பார்க்கவில்லை. நான் வெட்கப்படக் கூடாது என்பதற்காக, கதைத்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மடியில் கிடந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஓம் அண்ணை. சரியான காத்து."