அக்காவுக்கு நான்தான் ஆம்பளை

அப்பாவின் கறுப்புச் சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொண்டுதான் நான் ஆம்பளையானேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எழுபதுகளின் கடைசி. கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் கிராணி. வயதுக்கு மீறி வளர்ந்திருந்த என்னைத் தோட்டமே ஒட்டடைக்கம்பு என்று கூப்பிடும். அந்த உயரம்தான் அக்காவுக்கு வேண்டியிருந்தது.

அக்கா கூலிமில் மாதா கோயில் மண்டபத்தில் சீக்குவன்ஸ் டான்ஸ் பழகினாள். ஜோடி ஜோடியாகக் கைபிடித்து, எல்லா ஜோடியும் ஒரே அடியை ஒரே நேரத்தில் வைத்து, மண்டபத்தைச் சுற்றி வருகிற வெள்ளைக்காரர் ஆட்டம். வருஷத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து பரீட்சகர் வருவார். தங்க மெடல் பரீட்சையில் தேறினால் பினாங்கில் தன் தங்கை நடத்தும் டான்ஸ் பள்ளியில் வேலை என்று டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். தேறாவிட்டால் அப்பா பார்த்து வைத்திருந்த செமிலிங் ஊர் மாப்பிள்ளை. "பாஸ் பண்ணிட்டா போ. இல்லேன்னா வாயை மூடிக்கிட்டுக் கழுத்தை நீட்டு" என்பது அப்பாவின் தீர்ப்பு. கூடவே ஒரு நிபந்தனை: எந்த ஆம்பளையும் அவள்மேல் கை வைக்கக் கூடாது. ஜோடி ஆட்டத்துக்கு இப்படி ஒரு நிபந்தனை போட எங்கப்பாவால்தான் முடியும்! டீச்சர் பியானோ வாசித்தாக வேண்டும். மற்றப் பெண்களுக்குப் பெண்ணடி மட்டும்தான் தெரியும். ஆகவே ஆணடி பழகினவள் நான்.

சாயங்காலத்தில் கூடத்து நாற்காலிகளை வெளியே ஐந்தடி வராந்தாவில் தூக்கிப் போட்டுவிட்டு ஆடுவோம். ஆண் முன்னோக்கி நடக்க, அவனைப் பார்த்தபடி பெண் பின்னோக்கியே போக வேண்டும். "எனக்கு முதுகுல கண்ணு கிடையாதுடி, நீ பார்த்துக் கூட்டிட்டுப் போ" என்பாள் அக்கா. முதலில் அலமாரியில் கொண்டுபோய் மோதவைத்தேன். பிறகு என் கை லேசாகத் திரும்பினாலே அவளும் திரும்பினாள். வீட்டில் யாரிடமும் அதிகம் பேசாத அக்கா, ஆடும்போது மட்டும் வேறு பெண். அவளைப் பினாங்குக்குக் கொண்டு சேர்க்கப்போகிறவள் நானே என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

பரீட்சைக்கு முந்தின வாரம் என் பாவாடையை அம்மா பார்த்துவிட்டாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம்தான்; ஆனால் பெண் பெரியவளானால் லயத்து வீடுகளில் இருக்கும் இந்துக் கூலிகளும் நாங்களும் ஒன்று. தனிப் பாய், தனித் தட்டு. தண்ணீர் ஊற்றும்வரை வாசல்படி தாண்டக் கூடாது. "ரெண்டு மணி நேரம்மா, காடியில ஏத்திக் கொண்டுபோய் காடியிலயே கொண்டாந்து இறக்கிடறேன்" என்று அக்கா கெஞ்சினாள். "தீட்டோட போய் ஆடுறதா? நாலு பேருக்குத் தெரிஞ்சா நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாகணும்" என்றாள் அம்மா. டீச்சரே நேரில் வந்து, தன் தம்பி ஜோடியாக ஆடட்டும் என்று கேட்டார். அப்பா கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பரீட்சையன்று காலை என் அறைத் திரைக்கு வெளியே வந்து அக்கா உட்கார்ந்தாள். "சன்னல் வழியா வந்துடவாக்கா?" என்று அழுதேன். "பேசாம படு. உன்மேல என்னடி தப்பு? ரத்தத்துக்குப் பரீட்சைத் தேதி தெரியுமா?" என்றாள். அவள் அழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வருஷம் பரீட்சைக்குப் போகலாமே என்று அம்மாகூட ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். வாக்கு வாக்குதான் என்றார் அப்பா. என் சடங்குப் பந்தலிலேயே செமிலிங்காரர்கள் தட்டு மாற்றினார்கள். ஒரே செலவில் ரெண்டு விசேஷம் என்று உறவெல்லாம் மெச்சியது. எனக்குப் பட்டுப் பாவாடை, மாலை, ஆரத்தி. பாவி, நான் பெரியவளாவதற்கு வேறு வாரமே கிடைக்கவில்லையா என்று நெஞ்சு வெந்தது.

போன வருஷம் சுங்கைப்பட்டாணி ஹோட்டலில் அக்கா மகனுக்குக் கல்யாண விருந்து. பாட்டுப் போட்டதும் புதுமருமகள் ஓடிவந்து, "அத்தை, வாங்க லா, ஆடலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "எனக்கு எங்கேம்மா ஆடத் தெரியும்? நாங்க தோட்டத்து ஆளுங்க" என்று சிரித்தாள் அக்கா. பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மருமகள் போனதும் பக்கத்தில் சாய்ந்து, பெண்ணடி எந்தக் காலில் தொடங்கும் என்று கேட்டேன். மேசைக்கடியில் தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். வலதை நகர்த்தினாள், நிறுத்திவிட்டு இடதை நகர்த்தினாள்.

"ஞாபகம் இல்லடி" என்றாள்.