டெல்லி விமானத்தில் ஏறாத மரப்பெட்டி

சனிக்கிழமை, காலை 5.10. ராயபுரம் ரயில் நிலையம்.

பனிமலையில் சறுக்கப் போகிறவள் மீன்கூடைகளுக்கு நடுவே பயணத்தைத் தொடங்குவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆறடி மரப்பெட்டியோடு ஏறுவதற்கு மின்சார ரயிலில் வேறு இடம் கிடையாது, கூடைக்காரர்களுக்கான வெண்டர் கம்பார்ட்மெண்ட் ஒன்றுதான். கல்மண்டபத்தில் மூன்று ஆட்டோக்காரர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு எங்களைப் பார்த்தார்கள், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். குட்டி யானை வண்டிக்காரர் விமான நிலையம் வரை அறுநூறு ரூபாய் கேட்டார். கடற்கரை நிலையத்தில் மாறி, விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலம் போக ஆளுக்கு எட்டு ரூபாய். ஆசீர் அண்ணன் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அண்ணனுக்கு ராயபுரத்தில் பெட்டி அடிக்கும் பட்டறை. அப்பா நாசரேத்திலிருந்து வந்து கயிறும் தார்ப்பாயும் விற்றார். அண்ணன் அதோடு இதையும் சேர்த்துக்கொண்டான். மோட்டார் பம்பு, வார்ப்பிரும்புச் சாமான், கிரானைட் பலகை எல்லாம் கப்பல் ஏறும் முன் அவனிடம் வந்து ஆணி வாங்கிக்கொண்டு போகும். நான் ஜாஸ்மின். திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வயது இருபத்தொன்பது. அந்த வயதை எங்கள் வீட்டில் யாரும் சாதாரணக் குரலில் சொல்வதில்லை.

போன குளிர்காலத்தில் இமயமலையில் ஔலி என்ற ஊரில் பனிச்சறுக்கின் ஆரம்பப் பயிற்சியை முடித்தேன். இந்த வருடம் இரண்டாம் கட்டம். பயிற்சி நிலையத்தில் ஸ்கீ என்ற சறுக்குக் கட்டைகளுக்குத் தட்டுப்பாடு என்பதால் கடைசி இரண்டு இடங்களைச் சொந்தமாக ஸ்கீ கொண்டுவருகிறவர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அதில் ஒன்று எனக்கு. திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஸ்கீயோடு போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

ராயபுரத்தில் ஸ்கீ எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். கப்பலில் வந்து யாரும் எடுத்துப்போகாத சரக்கை ஏலத்தில் எடுத்து விற்கும் கடைகள் எங்கள் பக்கம் உண்டு. அப்படி ஒரு கடையில் வாசல் தார்ப்பாய்க்கு முட்டுக்கொடுத்து ஒரு ஜோடி ஸ்கீயை நட்டு வைத்திருந்தார்கள். பூட்ஸும் ஊன்றுகோலும் உள்ளே சாக்கில் கிடந்தன. எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு. எடுத்ததும் தார்ப்பாய் தொங்கிவிட்டது என்று கடைக்காரர் மாற்றி நட இரண்டு மூங்கிலுக்கும் காசு கேட்டு வாங்கிக்கொண்டார்.

அண்ணனிடம் நான் கேட்டது தார்ப்பாயில் ஒரு நீளப் பை. முந்தைய நாள் மாலை பள்ளியிலிருந்து திரும்பினால், நான்கு பக்கமும் இரும்புப் பட்டை இறுக்கிய மரப்பெட்டி தயாராக நிற்கிறது. "பையில போட்டு அனுப்புறதுக்கு இது என்ன வெங்காயமா?" என்றான். அதோடு பேச்சு முடிந்தது.

காலை 5.40. கடற்கரையிலிருந்து தாம்பரம் ரயில்.

பெட்டியைத் தூக்கும்போதே கனம் தெரிந்தது. அண்ணனிடம் சொன்னேன். "பெட்டின்னா கனக்கத்தான் செய்யும்" என்றான். காசிமேட்டில் மீன் எடுத்துப் பல்லாவரத்தில் விற்கப் போகும் ஓர் அம்மாள் கூடையை நகர்த்தி இடம் விட்டார். பெயர் தேசம்மா. பெட்டியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இன்னாம்மா இது, பாடி பொட்டி கணக்கா கீது? உள்ள யாரு கீறா?"

யாரும் இல்லை, பனியில் சறுக்குகிற கட்டை என்றேன். காலில் மாட்டிக்கொண்டு மலையிலிருந்து கீழே வர வேண்டும் என்று விளக்கினேன்.

"வழுக்கினு வர்றதுக்கா காசு கட்னு போறே? எங்க மார்க்கெட்டாண்ட வா. செதிலு கொட்டி வெச்சிகீறோம். சும்மாவே வழுக்கலாம்."

கம்பார்ட்மெண்டே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தேசம்மா அவனையும் விடவில்லை. "நைனா, நீ இன்னா மூஞ்ச தூக்கினு வர்றே? தங்கச்சி ஊர சுத்தினு வரட்டுமே."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காரணம் எனக்குத் தெரியும். அடுத்த மாதம் நாகர்கோவிலிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். கை காலை உடைத்துக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று சித்தி முதல் போதகர் வரை எல்லோரும் அண்ணனிடம் கேட்டிருந்தார்கள். அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. என்னிடம் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பேசாத மனிதர்களோடு வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு எரிச்சல் என்று.

காலை 7.05. உள்நாட்டு முனையம்.

திரிசூலத்தில் இறங்கும்போது தேசம்மாவும் ஒரு கை கொடுத்துப் பெட்டியைத் தள்ளிவிட்டார். சுரங்கப் பாதையில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். விமானம் 8.40க்கு. பயணச்சீட்டு இல்லாதவர் உள்ளே வர முடியாது என்பதால் அண்ணன் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றான். நான் பெட்டியையும் கம்பளி உடுப்புப் பையையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மலிவு விமானத்தில் போக நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். சீட்டு மலிவாக இருப்பதற்குக் காரணம் மூட்டையில் இருக்கிறது. நான் போன நிறுவனத்தில் சரக்கறைக்குப் பதினைந்து கிலோ, கையில் ஏழு கிலோ. மேற்கொண்டு ஒவ்வொரு கிலோவுக்கும் எழுபத்தைந்து ரூபாய். விளையாட்டுச் சாமானும் அதே பதினைந்துக்குள் அடக்கம், நீளமாக இருந்தால் தனியாக இருநூற்றைம்பது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஸ்கீ, பூட்ஸ், ஊன்றுகோல் மூன்றும் சேர்ந்து பதினொரு கிலோ என்று வீட்டிலேயே நிறுத்துப் பார்த்திருந்தேன். பெட்டியைத்தான் யாரும் நிறுக்கவில்லை.

கவுண்டரில் இருந்த இளைஞர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். பெட்டிக்கு மட்டும் தராசு முப்பது கிலோ காட்டியது.

"மேடம், எடை கூட இருந்தா பணம் கட்டலாம். ஆனா ஆணி அடிச்ச மரப்பெட்டியை லக்கேஜா எடுக்கவே மாட்டோம். கார்கோவுல குடுத்துடுங்க. திங்கட்கிழமை டெல்லி போயிடும்."

திங்கட்கிழமை நான் மலையில் இருக்க வேண்டும் என்றேன்.

"அப்போ பிரிச்சு வேற பையில கொண்டாங்க. ஏழு அம்பத்தஞ்சுக்கு கவுண்டர் மூடிடுவோம்."

மணி 7.20. சுத்தியல் இல்லை, கடப்பாரை இல்லை, ஸ்கீ கொள்ளும் நீளத்தில் வேறு பையும் இல்லை. வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வரும் வழியிலேயே தலைக்குள் ஒரு கணக்கு ஓடி முடிந்துவிட்டது. பை கேட்டேன், பெட்டி அடித்தான். பதினொரு கிலோ சாமானுக்குப் பத்தொன்பது கிலோ மரம். வாயால் சொல்ல முடியாததை ஆணியால் சொல்லியிருக்கிறான்.

"வேணும்னுதானே பண்ணின?" என்று கேட்டேன். வழியனுப்ப வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போகாதேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. நாகர்கோவில்காரங்களுக்குப் பயந்துதானே இப்படிப் பண்ணின?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. எடை என்றேன். முப்பது கிலோ என்றேன்.

"எடையா?" என்றான். "கப்பல்ல எடத்துக்குத்தானட்டி துட்டு. கனத்த எவன் கேக்கான்?"

இருபது வருடமாக அவன் அடித்த பெட்டி எல்லாம் கப்பலுக்கு. கப்பலில் சாமான் உருளும், மேலே நான்கு பெட்டி ஏறும், உப்புத்தண்ணீர் அடிக்கும். அதனால் கட்டை எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது. அளவை மட்டும் சுருக்கிப் பிடிக்க வேண்டும். என் பெட்டியையும் அவன் ஓர் அங்குலம் வீணாகாமல்தான் அடித்திருந்தான். விமானத்தில் அவன் ஏறியதும் இல்லை, எதையும் ஏற்றியதும் இல்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "இப்ப என்ன பண்றது?" என்று கத்தினேன். பெட்டியைத் தூக்கு, வீட்டுக்குப் போவோம் என்று சொல்ல அவனுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. அதைத்தான் சொல்லப் போகிறான் என்று எதிர்பார்த்து நின்றேன்.

அவன் டாக்சி நிற்கும் இடத்துக்கு ஓடினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் ஓடி நான் பார்த்ததே இல்லை.

டாக்சி டிரைவர் ஒருவர் சக்கரம் கழற்றும் இரும்போடு கூடவே வந்தார். "இன்னா சார், பொட்டிக்கு பஞ்சரா?" என்றவர், கைக்கடிகாரத்தைக் காட்டி நான் விஷயத்தைச் சொன்னதும் கிண்டலை விட்டுவிட்டுப் பெட்டியின் மறுமுனையை மிதித்துப் பிடித்துக்கொண்டார். "அட்ச்சி தூக்கு சார்."

போய்ச் சேருமிடம்வரை தன் பெட்டியை ஒரு பயலும் திறக்க முடியாது என்று அண்ணன் பெருமை பேசுவான். அந்தப் பெருமை உண்மைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. இரும்புப் பட்டை அறுபட நான்கு நிமிடம் ஆயிற்று. முதல் பலகை பிளந்து வந்தது. இரண்டாவதில் அவன் உள்ளங்கை கிழிந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மூன்றாவதைப் பிடித்தான்.

மூடி வந்ததும் உள்ளே பார்த்தேன். ஸ்கீயின் முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவுக்கு ஏற்ற மாதிரி ஒரு கட்டையைச் செதுக்கிக் கீழே அணை கொடுத்திருந்தான். ஸ்கீயின் இரும்பு ஓரம் படுகிற இடமெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டியிருந்தது. இடது பூட்ஸுக்கு ஒரு குழி, வலது பூட்ஸுக்கு ஒரு குழி. போகவிடக் கூடாது என்று நினைக்கிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். மன்னிப்புக் கேட்க நேரமில்லை, கேட்டிருந்தாலும் அவனுக்குக் காது கேட்டிருக்காது.

"அந்த தார்ப்பாயை உருவு" என்றான். ஈரம் படாமலிருக்கப் பெட்டிக்கு உட்புறம் தார்ப்பாய் விரிப்பது வழக்கம். அதிலேயே ஸ்கீயையும் ஊன்றுகோலையும் வைத்துச் சுருட்டினோம். கம்பளித் துண்டுகளைப் பிய்த்து இரண்டு முனைகளிலும் திணித்தான். டிரைவர் வண்டியிலிருந்து நைலான் கயிறு கொண்டுவந்தார். பூட்ஸ் இரண்டையும் வாரால் பிணைத்து என் தோளில் மாட்டிவிட்டான்.

"ஓடு" என்றான்.

ஓடினேன். மணி 7.52. சுருட்டிய தார்ப்பாயும் கம்பளி உடுப்புப் பையும் சேர்ந்து பதினான்கரை கிலோ. இளைஞர் இருநூற்றைம்பது ரூபாய்க்கு ரசீது போட்டார், சீட்டு ஒட்டினார், மூட்டையை முகர்ந்து பார்த்து மீன் வாசம் வருகிறதே என்றார். வருவதற்குக் காரணம் இருக்கிறது என்றேன். திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக்கு வெளியே அண்ணன் உடைந்த பலகைகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தான்.

சனி மதியம் முதல் ஞாயிறு இரவு வரை.

விமானத்தில் தண்ணீருக்கும் காசு. டெல்லியில் தார்ப்பாய்ச் சுருள் எல்லாப் பெட்டிகளுக்கும் பிறகு, தனியாக, நிதானமாக வந்தது. இரவுப் பேருந்தில் ரிஷிகேஷ், ஏறத்தாழ இருநூற்றைம்பது கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் அதே அளவு தூரம் மலைப்பாதையில், ஔலிக்கு அடிவாரத்தில் இருக்கும் ஜோஷிமட். ஸ்கீ பேருந்துக் கூரையில் வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஏணியில் ஏறிப் பார்த்தேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு நடத்துநர் எனக்கு ஏணிக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை. ஔலி, பிறகு ஜோஷிமட்.

கம்பியில் தொங்கிப் போகும் வண்டியில் நான்கு கிலோமீட்டர் மேலே ஏறி, 8.40க்குப் பயிற்சி நிலையத்தில் நின்றேன். பயிற்சியாளர் ஸ்கீயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழையது, ஆனால் ஒரு கீறல் இல்லை என்றார். பெயரைக் கூப்பிட்டார்கள். இடம் எனக்குத்தான். அங்கே காலையில் மூச்சு விட்டால் புகையாகத் தெரிகிறது. எங்கள் ஊரில் புகை எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து வரும், நாம் மூச்சை அடக்கிக்கொள்வோம். சுத்தமான காற்று முதல் இரண்டு நாளைக்கு எனக்குப் பசியைத்தான் தருகிறது.

மாலையில் ஜோஷிமட்டுக்கு இறங்கி வந்து தொலைபேசி பூத்திலிருந்து பட்டறைக்குக் கூப்பிட்டேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மூன்று தையல் என்றான்.

"சாமான் எப்படி இருக்கு?"

"ஒரு கீறல் இல்ல அண்ணே. எடம் கெடச்சிருச்சு."

"ம். அங்க மத்தவங்கல்லாம் எதுல கொண்டாந்திருக்காங்க?"

"ஜிப் வச்ச நீளப் பை. ஒன்றரை கிலோதான் இருக்கும்."

பின்னால் பட்டறையில் யாரோ ஆணி அடிப்பது கேட்டது.

"முனைக்கு உள்ள என்ன வச்சுத் தச்சிருக்கான்னு பாத்துட்டு வா" என்றான். "அடுத்த வருஷத்துக்கு நானே தச்சுத் தாரேன்."

அடுத்த வருடம் என்ற வார்த்தையை நான் எனக்குள்கூடச் சொல்லிப் பார்த்திருக்கவில்லை. "நாகர்கோவில்காரங்க வாராங்களே?" என்றேன்.

"வரட்டும். பனிக்காலத்துல பிள்ள ஊர்ல இருக்காதுன்னு மொதல்லயே சொல்லிருதேன். சரின்னா காப்பி குடிக்கட்டும்."

பூத்துக்காரர் மீட்டரைக் காட்டினார். எழுபத்தெட்டு ரூபாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது கெட்ட செய்தியா என்று இந்தியில் விசாரித்தார். இல்லை, குளிர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.